மாமனார் பெட்டியில் பழைய புத்தகங்கள்

கேள்வி: மாமனார் காலத்து விவசாயப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். அவற்றால் இப்போது பயன் உண்டா? பழைய புத்தகங்களில் எவற்றைப் படிக்கலாம்?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: எடைக்குப் போடாதீர்கள். ஆனால், 1960, 70களில் வந்த கையேடுகளில் உள்ள பூச்சிமருந்து அளவுகளை மட்டும் பின்பற்ற வேண்டாம். அன்று பரிந்துரைக்கப்பட்ட எண்ட்ரின், பி.எச்.சி. போன்றவை இன்று தடை செய்யப்பட்டவை. அந்தப் பக்கங்களில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டு வையுங்கள். வீட்டில் பழைய மருந்து டப்பா கிடந்தால் திறக்காதீர்கள். குப்பையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வேளாண்மை அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள்.

பழைய புத்தகங்களில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நிலத்தைப் பார்க்கும் பார்வையை. அந்த வகையில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜப்பானியர் மசானோபு ஃபுகோகா 1975-ல் எழுதியது. 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று தமிழிலும் வந்துள்ளது. உழாமல், உரம் போடாமல் நெல் விளைவித்ததைச் சொல்கிறார். தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் விட்டபோது மரங்கள் பட்டுப்போனதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இயற்கை விவசாயம் வேறு, கவனிக்காமல் விடுவது வேறு என்பது அதைப் படித்தால் விளங்கும். அவர் விதைத்த குளோவர் நம் வெயிலுக்குச் சரிப்படாது; நமக்குச் சணப்பும் தக்கைப்பூண்டும் இருக்கின்றன.

இரண்டாவது, ஆல்பர்ட் ஹோவர்ட் 1940-ல் எழுதிய 'அன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட்'. இவர் இந்தூரில் நம் நாட்டு விவசாயிகளிடம் கற்றுக்கொண்டவர். செத்தை, சாணம், மூத்திரம் ஊறிய கொட்டில் மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, புரட்டிப் போட்டு, சுமார் மூன்று மாதத்தில் மட்க வைக்கும் முறையை விளக்குகிறார். ஆங்கிலப் புத்தகம், மகனை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது, 'முக்கூடற்பள்ளு'. நெல் வகைகள், மாட்டு வகைகள், கலப்பையின் உறுப்புகள், மழைக்குறிகள் என்று பெயர் பெயராக வரும். உரையுள்ள பதிப்பாகப் பாருங்கள். அதிலுள்ள நெல் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். ஒன்றிரண்டின் விதை இன்னும் யார் வீட்டுக் குதிரிலாவது இருக்கலாம்.

கடைசியாக, பெட்டியிலுள்ள புத்தகங்களின் ஓரங்களில் உங்கள் மாமனார் கைப்பட ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எந்த மாதம் விதைத்தார், எத்தனை மூட்டை கண்டார் என்ற குறிப்புகள் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் நிலத்தைப் பற்றி அதைவிட நேரடியான தகவல் எந்தக் கடையிலும் கிடைக்காது.