16 சதவீத லாபத்தில் 20 சதவீதத் தள்ளுபடி தர முடியுமா? திணறும் ஊர் மருந்துக் கடைகள்

சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரம் போன்ற சிற்றூர்களில் தனி மருந்துக் கடைகளின் எதிர்காலம் ஓர் எளிய கணக்கைச் சார்ந்திருக்கிறது.

2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகளின் உச்சவரம்பு விலையில் சில்லறை விற்பனையாளருக்குக் கணக்கிடப்படும் லாபம் 16 சதவீதம். தொடர் மருந்தகங்களோ 20 சதவீதம் வரை தள்ளுபடி அளிக்கின்றன. மொத்தக் கொள்முதலும், சொந்தப் பெயரில் விற்கும் மருந்துகளில் கிடைக்கும் கூடுதல் லாபமும் அவற்றுக்குக் கைகொடுக்கின்றன. ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. அப்பல்லோ குழும நிறுவனர் பிரதாப் சி.ரெட்டி இதே மாவட்டத்தின் அரகொண்டாவில் பிறந்தவர். இன்று அக்குழுமத்தின் மருந்தகங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளன.

இணையவழி மருந்து விற்பனையை எதிர்த்து, 2018 செப்டம்பர் 28-இல் மருந்து வணிகர்கள் நாடு தழுவிய கடையடைப்பு நடத்தினர். கிளைக் கடைகளின் தள்ளுபடி அதில் முதன்மைக் கோரிக்கையாக இல்லை.

சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மருந்து வாங்கும் முதியவருக்குத் தள்ளுபடி பெருந்தொகைதான். ஜெனரிக் மருந்துகளில் கிடைத்த அதிக லாபத்தை ஊர்க் கடைகள் பலவும் அவருடன் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், கையில் பணமில்லாத மாதத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அவருக்கு மாத்திரை தருபவர் அந்த ஊர்க் கடைக்காரரே.