கொடுத்தாயிற்று; பிறகு?



கோவளம் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் தர்காவுக்குச் செல்வோர் சற்றுத் தெற்கே, மாமல்லபுரம் சாலையில் உள்ள திருவிடந்தைக் கடற்கரையையும் கண்டு வருவதுண்டு. இக்கரையில் முன்பு கட்டுமரங்களே மிகுதி. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கிய பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள், தமிழகக் கடலோரத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டன.

படகு வழங்குவது நற்செயலன்றோ? ஐயமில்லை. ஆயினும் பல குப்பங்களில், அதுவரை பிறர் மரத்தில் பங்குக்குச் சென்றவர் சொந்தப் படகுக்காரராகிவிட, உடன் செல்ல ஆள் கிடைக்காமற்போயிற்று. படகு பெருகியதே தவிர, மீன் பெருகவில்லை. வழங்கியவர்களின் ஏட்டிலோ 'இத்தனை படகுகள் அளிக்கப்பட்டன' என்ற வரி அழகாகவே நின்றது.

சுனாமி பாதித்த நாடுகளுக்கென உலகெங்கும் திரண்ட உதவி ஏறத்தாழ 1,350 கோடி டாலர். அது எவ்வாறு பயன்பட்டது என்பதை உதவி நிறுவனங்களே ஒன்றுகூடி ஆராய்ந்து, 2006-இல் அறிக்கை வெளியிட்டன. முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே என்றும், நிறுவனங்கள் நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டிய அளவுக்குப் பாதிக்கப்பட்டோருக்குக் காட்டவில்லை என்றும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. தம் குறையைத் தாமே எழுதி வைத்தது பாராட்டத்தக்கது.

நம் ஜமாஅத்துகள் அவ்வாறு எழுதியதுண்டா?

தஞ்சைப் பகுதி மஹல்லா ஒன்றை நான் அறிவேன். ஏழைப் பெண்கள் பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் வழங்கினார்கள். பந்தல், மாலை, புகைப்படம், பிரியாணி என எதற்கும் குறைவில்லை. ஈராண்டு கழித்து, நிர்வாகி ஒருவரின் மனைவி தாமாகவே வீடு வீடாகச் சென்று பார்த்தார். நான்கு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று விற்கப்பட்டுவிட்டன. மற்றவை தூசி படிந்து மூலையில் கிடந்தன. ஒரு பெண் கேட்டாராம்: "மெஷின் கொடுத்தீங்க லாத்தா, தைக்கத் துணி யாரு கொடுப்பா?"

அந்த நால்வருக்கேனும் வருவாய் எவ்வளவு கூடியது என்று கேட்டால், அதற்கும் விடையில்லை. வழங்குமுன் அவர்களின் மாத வருவாயை எவரும் குறித்து வைக்கவில்லை. பணி நடக்கும்போதே பார்வையிடுவது கண்காணிப்பு. முடிந்தபின் வாழ்க்கை மாறியதா என்று வினவுவது மதிப்பீடு. முதல் நாளின் நிலையைக் குறித்து வைக்காவிடில், பின்னர் எதனோடு ஒப்பிடுவது? அடுத்த ஆண்டு அந்த மஹல்லாவில் புதிய இயந்திரம் வாங்கவில்லை. மதரஸாப் பிள்ளைகளின் சீருடையை அப்பெண்களிடமே தைக்கக் கொடுத்தார்கள்.

இம்முறை நமக்குப் புதியதன்று. கூஃபாவின் ஆளுநர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள்மீது புகார் எழுந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அந்நகருக்கே ஆளனுப்பினார்கள். சென்றவர்கள் ஒரு பள்ளிவாசலையும் விடாது மக்களிடம் விசாரித்ததாக புகாரியில் காண்கிறோம். ஏறக்குறைய அனைவரும் ஆளுநரைப் புகழ்ந்தார்கள்; குறை கூறிய ஒருவரின் சொல்லும் பதிவாயிற்று.

அரசுப் பணிகளைக் கேட்பதற்கும் வழியுண்டு. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17-ஆவது பிரிவில், பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடமே ஒப்படைத்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்த சபைக்கு, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 என மேலும் இரு நாட்கள் சேர்க்கப்பட்டன. நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் அங்கே சென்றிருக்கிறோம்? குழாய் பதித்த கணக்கு வாசிக்கப்படும்போது, அதில் தண்ணீர் வருகிறதா என்பது குடம் எடுப்பவருக்குத்தானே தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுமுன் அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.