மாமையும் களிம்பும்

பொருள் விற்போர் மக்களை வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். அகவை, வருவாய், பால், மொழி, வாழும் ஊர் ஆகிய அனைத்தையும் அளந்து, இன்னார்க்கு இன்ன பொருள், இன்னார்க்கு இன்ன சொல் என வகுத்துக் கொள்கின்றனர். வாங்குவோரின் தேவையறிந்து செய்யும் தொண்டு இது என்பது அவர்தம் கூற்று. அதனை முழுப் பொய் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பார் ஷாம்பூவைச் சிறு உறைகளில் அடைத்து விற்றார்; அவர் மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி அவ்வழியைப் பெருக்கினார். இதுவும் வாங்குவோரைப் பிரித்தறிந்த செயலே. ஆயின் பணப்பையின் அளவால் பிரித்தறிந்த செயல். புட்டி வாங்க இயலாத கூலியாளின் வீட்டிலும் ஷாம்பூ நுரைத்தது. இதில் குறை காண்பார் யார்?

பணப்பையை அளந்தவர்கள் மனப்புண்ணையும் அளக்கத் தலைப்பட்டதுதான் கேடு. 1975ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் களிம்பைக் கொண்டுவந்தது. அதன் விளம்பரங்கள் யாரை நோக்கிப் பேசின? மணமாக வேண்டிய பெண்ணையும், வேலை தேடும் பெண்ணையும், அவளுக்காகக் கவலையுறும் பெற்றோரையும் நோக்கிப் பேசின. ஆண்பிள்ளை இல்லையே என்று தந்தை ஏங்க, கருநிற மகள் களிம்பு பூசி வெளுத்து, விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைக் காப்பதாக ஒரு விளம்பரம் வந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய விளம்பரங்களை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினர் 2002இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டனர். விளம்பரத் தரக் குழு 2014இல், கருநிறத்தோரைத் தாழ்வாகவும் துயருற்றோராகவும் காட்டலாகாது என விதி வகுத்தது. விதிகள் வந்தன, வாணிகம் நின்றதா? கடலூரில் பிறந்த அந்தச் சிறு உறை இருக்கிறதே, அதற்குள்ளும் இக்களிம்பு நுழைந்தது. ஏழைக்குத் தூய்மையைக் கொண்டு சென்ற உறையே அவள் நிறம் பற்றிய நாணத்தையும் கொண்டு சென்றது.

பெண்களோடு இது நின்றிருந்தால் நம் நகருக்கு இதில் தனிப் பங்கு இராது. 1974இல் இக்கொல்கத்தாவில் தோன்றிய இமாமி நிறுவனம், ஆண்கள் பலரும் பெண்களுக்கான களிம்பையே மறைவாகப் பூசிக்கொள்வதைக் கண்டறிந்தது. வேறொருவர் கண்டிருந்தால், இவ்விளைஞர்களை இப்படி நாணச் செய்தது எது என்று வினவியிருக்கக்கூடும். வணிகர் கண்டதோ கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சந்தை! 2005இல் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் பிறந்தது. ஆண்மகன் பெண்களின் களிம்பைப் பூசுவதா என்று எள்ளி நகையாடிற்று அதன் விளம்பரம். நிறத்தால் வந்த நாணம் ஒன்று. அதனை மறைக்கப் பெண்களின் பொருளை நாடியதால் வந்த நாணம் மற்றொன்று. நோயை இரண்டாக்கிவிட்டு மருந்தை நீட்டும் இத்திறனை என்னென்பது!

பின்னர் நிகழ்ந்தவை நகைப்புக்குரியன. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவர் காவலரால் கொல்லப்பட்டு உலகெங்கும் கொந்தளிப்பு எழுந்த 2020ஆம் ஆண்டில், லீவர் நிறுவனம் தன் களிம்பின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்னும் சொல்லை நீக்கி ‘குளோ’ என்று வைத்தது. ஆண்களுக்கானதற்குக் குளோ அண்ட் ஹேண்ட்சம் என்று பெயரிட்டது. உடனே மூண்டது பெயர்ப் போர். 2024 ஏப்ரலில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இமாமியின் வழக்கில் அப்பெயருக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டில் இமாமியும் தன் பொருளை ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்சம் ஆக்கிவிட்டது. அழகன் என்னும் பெயர் யாருக்கு உரியது என்று இரு பெருநிறுவனங்கள் வழக்காடின; முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தம் தோலை வெறுக்கக் கற்பிக்கப்பட்டவர்களுக்கு அவ்வழக்கில் இடமில்லை.

இவ்வாணிகம் தமிழரிடம் விலைபோவதுதான் வியப்பு. நம் சங்கப் புலவர்கள் பெண்ணின் மேனியழகை மாமை என்றனர். மாந்தளிரின் நிறம் அது. கருநிறத் தலைவியை மாயோள் என்று பெருமையோடு விளித்தனர். அம்மாமை மறைந்து மேனி வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். பிரிவுத் துயரால் வந்த நோய் அது. முன்னோர் நோயென்று அழுததை நாம் காசு கொடுத்துப் பூசிக்கொள்கிறோம்! மாநிறம் என்னும் சொல்லையே பாருங்கள். பெண் பார்க்கும் மடல்களில் இன்று அது குற்றத்தைக் குறைத்துச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

இந்நகரில் வளரும் நம் குழந்தைகளின் நிலை இன்னும் கடிது. வீட்டில் ‘சிவப்பு’, ‘கறுப்பு’ என்று தமிழில் கேட்பதைப் பள்ளியில் ‘ஃபர்ஸா’, ‘காலோ’ என்று வங்கத்தில் கேட்கின்றனர். தீபாவளி அமாவாசை இரவில் தெருவெங்கும் கரிய காளியை வணங்கும் ஊரிலும் மணமகள் தேவை விளம்பரம் வெண்ணிறத்தையே வேண்டுகிறது. தென்னாட்டார் எனில் கரியர் என்னும் எண்ணம் வேறு. இரு மொழியிலும் ஒரே தீர்ப்பைக் கேட்கும் பதினான்கு அகவைப் பெண், லேக் மார்க்கெட் கடையில் சரம்சரமாய்த் தொங்கும் உறைகளைப் பார்க்கும்போது, அவளுக்காகவே அங்கு ஒருவர் காத்திருப்பதுபோல் அன்றோ தோன்றும்!

நிறுவனங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிவிட இயலாது. அவர்கள் இந்நாணத்தைப் படைக்கவில்லை. நம் கூடத்தில் கிடந்ததை எடுத்து விலை ஒட்டினர். பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் நிறம் என்ன என்று தொலைபேசியில் வினவும் பாட்டியும், வெயிலில் விளையாடாதே, கறுத்துப்போவாய் என்று மகளை மட்டும் அழைக்கும் தாயும் அந்நிறுவனங்களின் ஊதியம் பெறாத முகவர்களே. சென்னையில் 2009இல் ஒரு பெண்கள் அமைப்பு கருமையே அழகு என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோது, அதனைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் தம் மகனுக்குப் பெண் தேடும் மடலைத் திருத்தி எழுதினர்?

சங்கத்தாரிடம் இரு வேண்டுகோள்கள் உண்டு. நம் குடும்பங்களுக்குள் சுற்றும் மணமக்கள் விவரத் தாள்களில் நிறம் என்னும் கட்டத்தை அடித்துவிடுதல் வேண்டும். மலருக்கு விளம்பரம் திரட்டச் செல்வோர் நிறக் களிம்பு விளம்பரங்களை, அவை எப்புதுப் பெயரில் வரினும், ஏற்பதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் இயற்றுதல் வேண்டும். பொருளாளர் முகம் சுளிப்பார் என்பதை அறிவேன். ஒரு பக்கத்து விளம்பரத் தொகையை நாற்பது குடும்பங்கள் பகிர்ந்தால் வீட்டுக்கு ஒருநாள் காய்கறிச் செலவுகூட ஆகாது. முதற்பங்கை நானே தருகிறேன்.