கூப்பிடாத தேடல்



தொலைந்த ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆயன் தேடினான், கண்டுபிடித்தான், தோளில் சுமந்து வந்தான். தேடிய நாழிகைகளில் அவன் என்ன செய்தான் என்பதை உவமை நமக்குச் சொல்வதில்லை. ஒரு சின்னஞ்சிறு நாயைத் தேடிய சிலரின் கதையை அறிந்தபோது, அந்தச் சொல்லப்படாத பகுதியைப் பற்றி எண்ணத் தோன்றியது.

தென் அவுஸ்திரேலியாவின் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது கங்காரு தீவு. 2023 நவம்பரில் அங்கு முகாமிட்டுத் தங்கியிருந்த ஓர் இளம் தம்பதியினரின் நாய் வலேரி, மிரண்டு புதர்க்காட்டுக்குள் ஓடி மறைந்தது. டாக்ஸ்ஹண்ட் இனத்தின் மிகச் சிறிய வகை அது. நீண்ட உடலும் குட்டையான கால்களும் கொண்டது. வீட்டுக்குள்ளேயே சீராட்டி வளர்க்கப்பட்டது. உரிமையாளர்கள் சில நாட்கள் தேடிக் களைத்து, வேறு வழியின்றி ஊர் திரும்பினர். அந்நாய் இறந்திருக்கும் என்றே பலரும் எண்ணினர். ஆனால், ஓராண்டுக்கும் மேலாகிவிட்ட நிலையில், இளஞ்சிவப்புக் கழுத்துப்பட்டியுடன் ஒரு சிறு நாய் திரிவதைக் கண்டதாகச் செய்திகள் வரத் தொடங்கின.

தீவிலுள்ள காங்கலா வனவிலங்கு மீட்பு அமைப்பின் தொண்டர்கள் தேடலை ஏற்றுக்கொண்டனர். காயமுற்ற காட்டு விலங்குகளைப் பேணுவதே அவர்களது வழமையான பணி. இந்தச் சிறு நாய்க்காக அவர்கள் 1,000 மணித்தியாலங்களுக்கும் மேல் செலவிட்டனர். 5,000 கிலோமீற்றருக்கும் மேல் பயணித்தனர்.

ஒரு நாய்க்காகவா இத்தனை பாடு? கேள்வி நியாயமானதே. பிள்ளைகளின் படங்களை ஏந்தியவாறு தாய்மார் ஆண்டுக்கணக்காக வீதியோரம் அமர்ந்திருந்த மண்ணிலிருந்து இதனை எழுதுகிறோம். அந்தத் தேடலுக்கு எதுவும் ஒப்பாகாது. எனினும், அஞ்சி ஓடிய ஓர் உயிரை அணுகும் முறையில் இத்தொண்டர்கள் காட்டிய பக்குவம் நம் இல்லங்களுக்கும் அந்நியமானதன்று.

நெடுநாள் தனித்துத் திரிந்த நாய் மனிதக் குரலைக் கேட்டால் ஓடி வரும் என நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. அச்சமே அதன் காவலாகிவிடுகிறது. வளர்த்தவரின் குரலுக்குக்கூட அது ஓடி ஒளிய நேரிடுகிறது. துரத்துவோர் அதனை மேலும் தொலைவுக்கே விரட்டுகின்றனர். ஆதலால் வலேரியை எவரும் துரத்தவில்லை. உணவு வைத்தனர், கமராக்களைப் பொருத்தினர், பெரியதொரு பொறிக்கூட்டை அமைத்து, அதனுள் வலேரிக்குப் பழக்கமான விளையாட்டுப் பொருட்களை இட்டனர். உரிமையாளரான பெண் அணிந்திருந்த உடுப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, அதன் வாசனையைக் கூட்டை நோக்கிய தடமாக்கினர். பின்னர் இரவிரவாகத் திரைகளைப் பார்த்தவாறு காத்திருந்தனர். நாய் உள்ளே காலடி வைத்தவுடன் கதவை அடைத்துவிடவும் இல்லை. சரியான மூலைக்கு வந்து அது அமைதியுடன் நிற்கும்வரை பொறுத்திருந்தே பொத்தானை அழுத்தினர்.

வீட்டை விட்டுப் பிரிந்து சென்ற மகனுக்கோ மகளுக்கோ நாம் விடுக்கும் அழைப்பு எத்தகையது? தொலைபேசியை எடுத்ததும் முதலில் வெளிப்படுவது கணக்குக் கேட்கும் குரலன்றோ? கோவிலுக்குப் போனாயா, யாரோடு இருக்கிறாய், எங்களுக்கு ஏன் இந்தத் தலைகுனிவு... பாசத்தினால்தான் கேட்கிறோம். ஆயினும் மறுமுனையில் இருப்பவருக்கு அது துரத்தி வரும் காலடியோசையாகவே கேட்கக்கூடும். வீட்டின் வாசனையை அவர்களிடம் கொண்டு சேர்ப்பது, ஒரு பொதி பருத்தித்துறை வடையாகவோ, பிறந்தநாளன்று கேள்வி ஏதுமற்ற இரண்டு வரியாகவோ கூட அமையலாம். பதில் வராத மாதங்களும் இருக்கும். அம்மாதங்களைத் தாங்குவது எளிதன்று என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

2025 ஏப்ரல் 25, உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. திருத்தந்தை பிரான்சிஸின் அடக்கத் திருப்பலிக்கு முந்திய நாளாகையால் உலகின் கண்கள் உரோமையை நோக்கியிருந்தன. அன்றுதான், 529 நாட்களுக்குப் பின் வலேரி மீட்கப்பட்ட செய்தி வெளியானது. கதவு அடைபட்டதும் நாயை வெளியே இழுக்க எவரும் அவசரப்படவில்லை. மீட்பு அமைப்பை நடத்தும் தம்பதியருள் மனைவி, உரிமையாளரின் உடுப்புத் துண்டுகளைத் தம்மேல் அணிந்துகொண்டு, தாமே அக்கூட்டினுள் நுழைந்தார். நாயின் நடுக்கம் தணிந்து அது முற்றிலும் அமைதியடையும்வரை, அதனருகில் அமர்ந்திருந்தார்.