ஓட்ஸின் பெயரில் ஒரு பாகுப் பலகாரம்

மட்டக்களப்பிலே எருமைத் தயிரின்மேல் பாணி ஊற்றி உண்ணாத வீட்டைக் காண்பது அரிது. படுவான்கரையிலிருந்து தயிர்ச் சட்டி வாவியைக் கடந்து வருகிறது. மலைப்பக்கத்திலிருந்து கித்துள் பாணி போத்தலில் வருகிறது. பாணியின் குணத்தை இவ்வளவு நெருங்கி அறிந்த நமக்கு, பிளாப்ஜாக் என்னும் ஆங்கிலேயப் பலகாரம் எளிதிற் கைவருதல் வேண்டும். ஆயினும் முதன்முறை செய்வோர் பலருக்கு அது கைவருவதில்லை. ஒரு வீட்டில் அது பிட்டுப்போல் உதிர்கின்றது. மற்றொரு வீட்டில் செங்கல்லைப்போல் இறுகுகின்றது. குறை ஓட்ஸில் உள்ளதென்று எண்ணி, அடுத்த முறை வேறு பொதி வாங்குகின்றோம். குறை ஓட்ஸில் இல்லை, பாகில் உள்ளது. இதனை விளக்குவதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

இப்பலகாரத்தை நாம் அறியவேண்டிய காரணம் இரண்டு. இங்கிலாந்தில் வளரும் நம் உறவினரின் பிள்ளைகளுக்கு அது பழகிய சிற்றுண்டி. விடுமுறைக்கு அம்மம்மா வீட்டிற்கு வரும் பிள்ளை அதனைக் கேட்டால், செய்து கொடுத்தல் மகிழ்ச்சிக்குரியது. மற்றொரு காரணம் இதனினும் பெரிது. ஓட்ஸ் என்றாலே உடம்புக்கு நல்லது என்னும் எண்ணம் இன்று எங்கும் பரவியுள்ளது. ஆகையால் ஓட்ஸினாற் செய்த இப்பலகாரத்தையும் நீரிழிவு உள்ள முதியோருக்குத் தயங்காமற் கொடுக்கின்றோம். அது தகுமா என்பதை இக்கட்டுரையின் இறுதியிற் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். பிளாப்ஜாக் என்னும் பெயர் பழையது, பொருளோ புதியது. ஷேக்ஸ்பியரின் ‘பெரிக்கிளிஸ்’ நாடகத்தில் இச்சொல் வருகின்றது. அக்காலத்தில் அது தட்டையாகச் சுடும் ஒருவகை அப்பத்தைக் குறித்தது. அமெரிக்காவில் இன்றும் கல்லில் வார்க்கும் அப்பத்திற்கே அப்பெயர். ஓட்ஸ், பட்டர், சீனி, பாகு ஆகியவற்றைக் கலந்து தட்டில் வெதுப்பி, துண்டுகளாக வெட்டும் பலகாரத்திற்கு அப்பெயர் பிரித்தானியாவில் இருபதாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது. ஆகையால் சமையல் நூலொன்றில் இப்பெயரைக் கண்டால், அஃது எந்நாட்டு நூல் என்பதை முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்ஸ் குளிர்நாட்டுத் தானியம். கோதுமை செழிக்காத ஸ்கொத்லாந்தின் குளிரிலும் ஈரத்திலும் அது நன்கு விளையும். உமி நீக்கிய தானியத்தை ஆவியில் அவித்து, உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்குகின்றனர். தானியத்திலுள்ள கொழுப்பைக் கெடச்செய்யும் நொதி அவ்வாவியினால் அடங்குகின்றது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்து நாம் செய்யும் அவலுக்கு இஃது ஓர் உறவுமுறை என்று சொல்லலாம்.

பிளாப்ஜாக்கின் உயிர்நிலை, ஆங்கிலேயர் கோல்டன் சிரப் என அழைக்கும் பொன்னிறப் பாகு. சீனி சுத்திகரிக்கும் ஆலையில் எஞ்சிய பாகைப் பக்குவப்படுத்தி, 1880களில் இலண்டனில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஏபிராம் லைல் என்பவரின் ஆலை. சிங்கமும் தேனீக்களும் பொறித்த அதன் பச்சைத் தகரப்பேணி உலகப் புகழ் பெற்றது. 1921 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் டேட் நிறுவனத்துடன் இணைந்து, டேட் அண்ட் லைல் ஆயிற்று.

இனி, பாகு செய்யும் வேலையைக் கவனிப்போம். சீனிப் பாகு கொதிக்கக் கொதிக்க நீர் வற்றும். நீர் வற்ற வற்ற வெப்பம் ஏறும். வெப்பமானி இல்லாத காலத்திலேயே நம் பாட்டிமார் தண்ணீரில் ஒரு துளி விட்டு இதனை அளந்தனர். துளி விரல்களுக்கிடையே மெத்தென்று உருண்டால் அஃது உருட்டுப்பதம். ஏறத்தாழ 112 முதல் 116 பாகை செல்சியஸ். அதற்கும் மேலே சென்று 150 பாகையை அடைந்த பாகு, ஆறியபின் கண்ணாடிபோல் உடையும். தட்டிலுள்ள பாகு உருட்டுப்பதத்தை அண்டி நிற்கும்போது இறக்கினால், பிளாப்ஜாக் மெல்ல மெல்ல இழுபட்டுச் சுவை தரும். அப்பதத்திற்கு முன் இறக்கினால் உதிரும். கடந்தபின் இறக்கினால் பல்லை வருத்தும்.

சீனி மட்டும் போதாதா, பாகு எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். கரைந்த சீனி ஆறும்போது மீண்டும் பளிங்காகப் பூக்க முயலும். பூத்தால் பலகாரம் மணல்மணலாக உதிரும். கோல்டன் சிரப்பில், சீனி பிரிந்து உண்டான குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு சர்க்கரைகள் உள்ளன. அவை இடையே புகுந்து, பளிங்கு கட்டுவதைத் தடுக்கின்றன. பாகில் தேசிக்காய்ப் புளி விடும் நம் வழக்கத்திற்கும் காரணம் இதுவே. புளி சீனியைப் பிரிக்கின்றது.

கோல்டன் சிரப் கிடைக்காதோர் வருந்தவேண்டியதில்லை. 500 கிராம் சீனியில் 100 கிராமை எடுத்து, 2 மேசைக்கரண்டி நீருடன் தேயிலைச் சாய நிறம் வரும்வரை காய்ச்சுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, 250 மில்லிலீற்றர் சுடுநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அவ்வேளையிற் பாகு பொங்கித் தெறிக்கும். பிள்ளைகள் அருகில் நிற்றலாகாது. பின்னர் மீதிச் சீனியையும் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றையும் சேர்த்து, மிகச் சிறு தீயில், கிளறாமல், 35 அல்லது 40 நிமிடம் வைத்தால், ஆறியபின் தேன்போல் வழியும் பாகு கிடைக்கும்.

கித்துள் பாணியும் மிக நன்று. அதன் புகைமணம் ஓட்ஸுடன் இனிது பொருந்தும். ஆனால் பாணி கோல்டன் சிரப்பைவிட நீர்த்தது. ஆகையால் 4 மேசைக்கரண்டி பாணியை 3 மேசைக்கரண்டியாகும்வரை வற்றவைத்து அளந்துகொள்ள வேண்டும். இச்சிறு வேலையைத் தவிர்த்தால், பலகாரம் உதிர்வதற்கு வழியாகும்.

வேண்டிய பொருள்கள்: ஓட்ஸ் 250 கிராம், பட்டர் 125 கிராம், சிவப்புச் சீனி 125 கிராம், மேற்கூறிய பாகுகளுள் ஒன்று 3 மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 60 கிராம். பட்டரில் உப்பில்லையேல் உப்பு ஒரு சிட்டிகை. விரும்புவோர் 50 கிராம் ஓட்ஸைக் குறைத்து, அதற்கு ஈடாக வறுத்துடைத்த கச்சானோ மரமுந்திரிகைப் பருப்போ எள்ளோ சேர்க்கலாம். விரைவில் வேகும் சிறுதூள் ஓட்ஸ் நன்கு ஒட்டும். பெரிய செதிலுள்ள ஓட்ஸ் மெல்வதற்குச் சுவை தரும். இரண்டையும் பாதிப்பாதி கலப்பது சிறப்பு.

செய்முறை வருமாறு. 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டொன்றில் எண்ணெய்க் கடதாசி விரியுங்கள். பட்டர், சீனி, பாகு ஆகிய மூன்றையும் சிறு தீயில் உருக்குங்கள். சீனி கரையவேண்டும், கலவை கொதித்தலாகாது. இங்கே கொதித்தால், தட்டிற் சேருமுன்னரே பாகின் நீர் வற்றிப்போகும். இறக்கி, ஓட்ஸைக் கொட்டி, ஒவ்வொரு செதிலிலும் பாகு படும்படி கிளறுங்கள். தட்டில் இட்டு, கரண்டியின் பின்புறத்தால் மட்டமாக அழுத்துங்கள். போறணையை முன்பே 170 பாகையில் சூடாக்கி வைத்து, 20 முதல் 25 நிமிடம் வெதுப்புங்கள்.

எப்போது இறக்குவது என்பதே முக்கியம். ஓரங்கள் பொன்னிறமாகவும், நடுப்பகுதி வெளிறி, தொட்டால் அமுங்குவதாகவும் இருக்கும். வேகவில்லையோ என்னும் ஐயம் அப்போது எழும். அந்த ஐயத்திற்கு இணங்கி மீண்டும் உள்ளே தள்ளலாகாது. அதுவே இறக்கும் வேளை. சூட்டில் இளகி நிற்கும் பாகு, ஆறும்போது தானே இறுகும். பத்து நிமிடம் கழித்துக் கத்தியாற் கோடிட்டு, முழுதும் ஆறியபின் துண்டுகளை எடுங்கள். சூடாக இருக்கையில் எடுத்தால் உடையும்; கோடிடாமல் ஆறவிட்டால் வெட்டுவது கடினமாகும்.

போறணை என்னும் இச்சொல்லும், பாண், விசுக்கோத்து என்னும் சொற்களும் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தவை. அவர்கள் 1628 ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் கட்டிய கோட்டையை 1638 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஆண்டவர் நீங்கினும் சொல் நீங்கவில்லை. போறணை இல்லாத வீட்டினரும் இதனைச் செய்யலாம். அடிகனத்த பெரிய பாத்திரத்தில் ஒரு விரல் உயரத்திற்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மூடிச் சூடாக்கி, தாங்கியின்மேல் தட்டை வையுங்கள். மூடியின்மேல் சிரட்டைத் தணல் இடுங்கள். கீழ்த்தணல் குறைவாகவும் மேல்தணல் மிகுதியாகவும் இருத்தல் நன்று. இம்முறையில் நேரம் சற்றுக் கூடும். இருபதாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருங்கள்.

ஓட்ஸ் விலைகூடிய காலத்தில் பாதிக்கு அவல் சேர்க்கலாமா? சேர்க்கலாம். அவலை வெறுஞ்சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்துக் கலக்கவேண்டும். ஓட்ஸில் உள்ள பசைத்தன்மை அவலுக்கு இல்லாமையால் இழுவை குறையும். கச்சான் அல்வாவை ஒத்த மொறுமொறுப்புக் கூடும். முழுவதும் அவலாகச் செய்தால் அது பொரியுருண்டையின் இனத்தைச் சேரும். சுவையானதே, எனினும் பிளாப்ஜாக் அன்று.

சேமிப்பதிலும் நம் ஊருக்கெனக் கவனம் வேண்டும். பளிங்கு கட்டாமற் காக்கும் அதே சர்க்கரைகள் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் திறந்து வைத்த துண்டுகள் ஒரே நாளில் பிசுபிசுக்கும். நன்கு ஆறியபின், அடுக்குகளுக்கிடையே எண்ணெய்க் கடதாசி வைத்து, இறுக மூடும் பேணியில் இடுங்கள். திறந்த ஓட்ஸ் பொதியையும் அவ்வாறே காப்பது நலம். எண்ணெய்ச் சிக்கு மணம் வந்தால் அதனைப் பயன்படுத்த வேண்டாம்.

இனி நாம் ஒத்திவைத்த கணக்கு. மேற்கூறிய அளவில் சீனி 125 கிராம். பாகிலுள்ள சர்க்கரை ஏறத்தாழ 48 கிராம். ஆக 173 கிராம். தட்டை 16 துண்டுகளாக வெட்டினால், துண்டொன்றில் ஏறத்தாழ 11 கிராம் சர்க்கரை. சக்தி ஏறத்தாழ 160 கலோரி. சேர்க்கும் சர்க்கரை ஒருநாளைய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைய வேண்டுமென்றும், இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்தால் மேலும் நன்றென்றும் உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வழிகாட்டியது. இருபதில் ஒரு பங்கு என்பது வளர்ந்தோருக்கு ஏறத்தாழ 25 கிராம். இரண்டு துண்டுகள் உண்டால் 22 கிராம் ஆகிவிட்டது. தேநீரின் சீனி இனித்தான் வரவேண்டும்.

ஓட்ஸின் நன்மை பொய்யன்று. அதிலுள்ள பீற்றா குளுக்கன் என்னும் கரையும் நார்ப்பொருள், நாளொன்றுக்கு 3 கிராம் உட்கொண்டால் கொலஸ்திரோலைக் குறைக்க உதவும். ஓட்ஸ் உணவுகளின் உறையில் அதனைக் குறிப்பிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997 ஆம் ஆண்டில் அனுமதித்தது. ஆனால் நம் துண்டொன்றில் உள்ள பீற்றா குளுக்கன் ஏறத்தாழ 0.6 கிராமே. மூன்று கிராம் பெற ஐந்து துண்டுகள் வேண்டும். அவற்றுடன் 50 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரையும் உள்ளே செல்லும். மருந்தென்று எண்ணி இதனைக் கொடுப்பது, நீரிழிவுள்ள அப்பப்பாவுக்கு நாமே தீங்கு செய்வதாகும். அவருக்கு ஓட்ஸின் நன்மை வேண்டுமானால், சீனியில்லாத ஓட்ஸ் கஞ்சியாகக் கொடுங்கள். அளவை வைத்தியரிடம் கேட்டறியுங்கள். கித்துள் பாணியிற் செய்தாலும் இக்கணக்கு பெரிதும் மாறுவதில்லை, பாணியும் சர்க்கரையே.

அவ்வாறாயின் சீனியைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்று கேட்கலாம். 125 கிராமை 100 கிராமாகக் குறைப்பதால் அதிக வேறுபாடு இல்லை. அதற்கும் கீழே சென்றால், பலகாரத்தைக் கட்டி வைக்கும் பாகே இல்லாமற்போய் அது உதிரும். ஆதலால் சீனியைச் சட்டியிற் குறைப்பதைவிடக் கத்தியிற் குறைப்பதே வழி. அதே தட்டைப் பக்கத்திற்கு ஐந்தாக, 25 துண்டுகளாக வெட்டுங்கள். துண்டு நான்கு சென்ரிமீற்றர் சதுரமாகும். சர்க்கரை ஏறத்தாழ 7 கிராமாகும். சக்தி ஏறத்தாழ 100 கலோரியாகும். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு ஒரு துண்டு, சீனி குறைத்த தேநீருடன் பெரியவர்களுக்கு ஒரு துண்டு என்று கொடுத்துப் பேணியை மூடிவிடுங்கள். மெல்ல மெல்ல உண்ணும் பலகாரமாதலின், சிறு துண்டும் வாயில் நெடுநேரம் நிற்கும்.