கதையும் கருவியும்

ஒருவர் செய்யும் தொழில் அவருக்குச் சோறு போடுகிறது. ஓய்வு வேளையில் அவர் விரும்பிச் செய்யும் காரியமோ, அவர் எத்தகையவர் என்பதை நமக்குக் காட்டிவிடுகிறது. பகல் முழுவதும் கணக்குப் புத்தகத்தோடு மாரடித்த எழுதுவினைஞர் மாலையில் ரோசாச் செடிக்கு நீர் வார்ப்பார். வயலில் உழைத்த கமக்காரர் இரவில் கூத்துக்கு ஆடல் பழகுவார். இவற்றைக் கண்டு எவரும் முகஞ் சுளிப்பதில்லை. ஆனால், கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கைப் பற்றி மட்டும் ஒரு வழக்கு பல இல்லங்களில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

பெற்றோரின் முறைப்பாடு இது: "பகலெல்லாம் கணினியின் முன்னால் இருந்துவிட்டு வருகிற பிள்ளை, இரவில் விண்வெளிக் கதையும் துப்பறியும் கதையும் வாசித்துக்கொண்டிருக்கிறது. சம்பளம் கைக்கு வந்ததும், பேசினால் எரிகிற விளக்கு, தானே தரை கூட்டுகிற யந்திரம், காதுக்குள் செருகுகிற ஒலிக்கருவி என்று ஏதோவொன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. முப்பது வயதிலுமா விளையாட்டுச் சாமான்?" பிள்ளைகளின் மறுமொழியும் நாமறிந்ததே: "எங்கள் உழைப்பு, எங்கள் பணம், எங்கள் பொழுது. இதில் யாருக்கு என்ன நட்டம்?"

இவ்விரு கட்சியாருள் யார் பக்கம் நியாயம் இருக்கிறது? தீர்ப்புக் கூறுமுன் கணினி உலகின் வரலாற்றிலே சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுகூடத்தில் 1991ஆம் ஆண்டில் ஒரு சிறு தொல்லை இருந்தது. பலருக்கும் பொதுவாக ஒரே ஒரு கோப்பிச் சாடி. அது 'டிரோஜன் அறை' என்று பெயர் பெற்ற அறையின் வாசலருகே இருந்தது. வேறு மாடிகளில் வேலை செய்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால், பெரும்பாலும் சாடி வெறுமையாகவே இருக்கும். அங்கிருந்த ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? சாடியை நோக்கி ஒரு படக்கருவியைப் பொருத்தி, நிமிடத்துக்கு மூன்று முறையளவில் அதன் படத்தை எல்லோருடைய கணினித் திரைக்கும் அனுப்ப ஒரு நிரலை எழுதினார்கள். படம் மிகச் சிறியது, வண்ணமும் இல்லை. ஆயினும், சாடியில் கோப்பி உண்டா இல்லையா என்று அறிய அது போதுமாயிருந்தது. 1993இல் அந்தப் படம் இணையத்திலும் ஏறிற்று. உலகின் முதல் இணையப் படக்கருவி என்ற பெயரை அந்தச் சாடி தேடிக் கொடுத்தது. 2001 ஆகஸ்டில் கருவியை நிறுத்தியபோது, அந்தப் பழைய சாடியை ஒரு ஜெர்மன் செய்தி நிறுவனம் 3,350 பவுண் கொடுத்து ஏலத்தில் எடுத்தது.

வேலைக்குப் புறம்பான இந்த விளையாட்டை எந்த மேலதிகாரியும் கேட்கவில்லை. ஆயினும் இன்று தூர தேசத்திலிருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தை அப்பம்மா திரையிலே கண்டு மகிழும் வசதிக்கு முன்னோடியாய் வந்தவற்றுள் அதுவும் ஒன்று. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கருவி ஒருவரின் தனி வசதிக்காகப் பிறந்ததன்று. படியிறங்கி வந்து ஏமாந்து திரும்பும் தோழர்களின் சிரமத்தைத் தீர்க்கப் பிறந்தது.

அடுத்த ஏடு, குடும்பப் பகுதியை வாசிக்கும் நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் வில்லியம் குரோதர் என்றொரு நிரலாளர் இருந்தார். இணையத்துக்கு முன்னோடியான 'ஆர்ப்பாநெற்' வலையமைப்பை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். அவருக்கு இரண்டு மோகங்கள். ஒன்று, குகைகளுக்குள் ஊர்ந்து சென்று அவற்றை அளந்து படம் வரைவது. அவரும் மனைவியாரும் கென்டக்கி மாநிலத்தின் பெருங்குகைகளை ஆராய்ந்த குழுவினரோடு சேர்ந்து உழைத்தவர்கள். மற்றது, மந்திரவாதிகளும் குள்ளர்களும் உலவும் மாயக்கதை விளையாட்டு. பின்னர் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தது. இரண்டு பெண்பிள்ளைகளும் தம்மை விட்டுத் தூரமாகிவிடுவார்களோ என்ற ஏக்கம் தந்தையை வாட்டிற்று.

1975, 1976ஆம் ஆண்டளவில் அவர் தம் இரு மோகங்களையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்தார். படம் எதுவும் இல்லை, எழுத்து மட்டுமே. 'நீ ஒரு வீட்டருகே நிற்கிறாய்' என்ற பாங்கிலே கணினி சொல்லும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று பிள்ளைகள் சிறு சொற்களால் கட்டளையிடுவார்கள். உடனே குகையின் அடுத்த அறை திறக்கும். கணினி அறியாத சிறுமியரும் அஞ்சாமல் விளையாட வேண்டும் என்பதே அவர் வைத்த ஒரே விதி. தந்தையைப் பார்க்க வரும் நாட்களில் பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள்.

அவ்விளையாட்டு எப்படியோ வலையமைப்பு வழியே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தை எட்டிற்று. அங்கே டொன் வூட்ஸ் என்ற மாணவர் அதில் மனம் பறிகொடுத்தார். ஆக்கியோனின் முகவரி தெரியாமையால், வலையமைப்பிலிருந்த கணினிகள் தோறும் 'குரோதர்' என்ற பெயருக்குக் கடிதம் அனுப்பி, அனுமதி பெற்று, தம் அபிமான மாயக்கதைகளின் சாயலில் அதை விரித்தெழுதி 1977இல் வெளியிட்டார். பின்னாளில் கோடிக்கணக்கான பணம் புரளும் கணினி விளையாட்டுத் தொழிலில் 'சாகச விளையாட்டு' என்ற வகைக்கு இதுவே மூலம். அதன் அடியிலே கிடப்பது ஒரு தகப்பனின் மனவேதனை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

மூன்றாவது ஏடு அண்மைக் காலத்தது. அன்டி வெயர் என்பவரும் நிரல் எழுதிப் பிழைத்தவரே. பதிப்பகங்கள் ஏற்காத கதைகளை எழுதி எழுதிச் சலித்தவர், செவ்வாய்க் கிரகத்திலே தனியே விடப்பட்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் தப்பும் கதையைத் தமது இணையப் பக்கத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாய் வெளியிட்டார். அதை வாசித்தவருள் விஞ்ஞானம் கற்றோர் பலர். அவர்கள் பிழைகளைச் சுட்டி எழுத, ஆசிரியர் மகிழ்ந்து திருத்தினார். வாசகர் வேண்டுகோளுக்கிணங்க 2011இல் 99 அமெரிக்கச் சதத்துக்கு அதை மின்னூலாக விற்றார். 2014இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை நூலாக்கிற்று. 2015இல் திரைப்படமாகவும் வந்தது. இரவுப் பொழுதின் கதைப் பைத்தியம் என்று பிறர் நகைத்திருக்கக் கூடிய ஒன்று, ஊரறியாத பலரை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தது.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சங்கதிகள் என்று தள்ளிவிட இயலாது. 1945 அக்டோபரில், பிரித்தானிய விமானப்படையில் ராடர் வேலை பார்த்த ஓர் இளைஞர் ஒரு வானொலிச் சஞ்சிகையில் கட்டுரையொன்று வரைந்தார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் செய்மதி, பூமியோடு சேர்ந்து சுழலுமாதலால், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் என்றும், அத்தகைய மூன்று செய்மதிகளால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்றும் அதிலே விளக்கினார். அவரே விண்வெளிக் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் நம் தீவிலே குடியிருந்தார். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மனத்தில் வைத்து 1979இல் ஒரு நாவல் எழுதினார். 2008 மார்ச் 19இல் கொழும்பிலேயே கண்மூடினார். நம்மூர்க் கூரைகளில் வானை நோக்கி நிற்கும் தொலைக்காட்சித் தட்டுக்கள் அவர் சொன்ன உயரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அதே ஆண்டு பெப்ரவரி 27இல் தமிழுலகம் எழுத்தாளர் சுஜாதாவை இழந்தது. ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துப் பொறியியலாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கிய பங்காற்றியவர். கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இருவரைக் கொண்டு துப்பறியும் கதைகள் புனைந்தார். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயை நம் பிள்ளைகளுக்கு அறிமுகஞ் செய்தார். அம்மட்டோடு நில்லாமல், வாசகரின் விஞ்ஞான ஐயங்களுக்குப் பத்திரிகையில் விடை எழுதித் தாம் கற்றதை வீடுகள்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இத்துணையும் கண்டபின், கதையும் கருவியும் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவது நியாயமாகாது. எனினும், பெற்றோரின் முறைப்பாட்டையும் தள்ளுபடி செய்ய நாம் ஆயத்தமாயில்லை. அவர்கள் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல வருவதும் ஒரு விஞ்ஞானக் கதையே.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1950இல் ஒரு சிறுகதை எழுதினார். எழுபத்தாறு ஆண்டுகள் தள்ளி, 2026 ஆகஸ்ட் 4 என்று அதற்கு நாள் குறித்தார். கலிபோர்னியாவில் ஒரு வீடு. அது காலையில் நேரம் சொல்லி எழுப்புகிறது. அடுப்பு தானே உணவு சமைக்கிறது. இயந்திர எலிகள் தரை துடைக்கின்றன. இரவில் வீட்டு அம்மாவுக்குப் பிடித்த கவிதையை வீடே படித்துக் காட்டுகிறது. எல்லாம் குறைவின்றி நடக்கின்றன. ஆனால் மனிதர் ஒருவரும் இல்லை. அணுகுண்டின் வெப்பத்தில் கருகிய சுவரிலே தாய், தந்தை, இரு மக்கள் ஆகியோரின் நிழல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பிராட்பரி அஞ்சியது குண்டுக்கு. ஆனால், குண்டு எதுவும் விழாமலே அந்த வீட்டைப்போல் ஆகிவிட்ட வீடுகள் உண்டல்லவா? தாய் கேட்ட கேள்வி மகனின் காதிலுள்ள கருவியைத் தாண்டிச் செல்வதில்லை. ஒரே கூரையின் கீழ் நால்வர் இருந்தும் நான்கு நிழல்களாகவே இருக்கின்றனர்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இக்கருவிகளிற் பல, வாங்கியவருக்கு முற்றும் சொந்தமாவதில்லை. விற்ற நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு இருக்கும்வரையில் மட்டுமே அவை இயங்கும். அமெரிக்காவில் 'ரிவோல்வ்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏறக்குறைய 300 டொலருக்கு விற்பனையாயிற்று. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. வாங்கியவர் கையில் வெறும் பெட்டி மிஞ்சிற்று. பேச்சைக் கேட்டு ஏவல் செய்யும் ஒலிபெருக்கிகள், தம்மை அழைக்கும் சொல்லுக்காக எப்பொழுதும் செவி சாய்த்திருக்கின்றன. அழைத்தபின் பேசுவது பெரும்பாலும் இணைய வழியாகக் கடல் கடந்து செல்கிறது. வீட்டுக்குள் இத்தகைய ஏவலாளை அமர்த்துமுன் அதன் குணமறிந்து அமர்த்துவதே விவேகம். அதை அறிந்து வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் கடமை, கணினி கற்ற பிள்ளைக்கன்றி வேறு யாருக்கு உரியது?

ஆகவே, நம் தீர்ப்பு இதுதான். பொழுதுபோக்கின் பெருமையும் சிறுமையும் அதன் விலையில் இல்லை. அது மனிதரை எங்கே கொண்டுபோகிறது என்பதில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் தோழர்களின் சாடி மாடிகளை இணைத்தது. குரோதரின் குகை மக்களைத் தந்தையிடம் அழைத்து வந்தது. வெயரின் கதை அறிமுகமற்றோரை நண்பராக்கிற்று. பிறரிடம் செல்ல வழி திறக்கும் மோகம் வளர்க்கத்தக்கது. கதவைச் சாத்திக்கொள்ளும் மோகம், அது இலவசமாகவே கிடைத்தாலும், விலை மிகுந்தது.

பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: புதிய கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் தனியறைக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். கூடத்தில் வைத்துத் திறவுங்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று அம்மாவுக்கும் தம்பி தங்கைக்கும் தமிழிலே விளக்குங்கள். விளக்க முடியாவிடில், நீங்களும் அதை இன்னும் அறியவில்லை என்று கொள்ளுங்கள். வாசித்த கதையை இராச் சாப்பாட்டு வேளையில் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் சொல்ல ஒன்றுண்டு: 'இதற்கு எவ்வளவு கொடுத்தாய்?' என்பதை இரண்டாவது கேள்வியாக வையுங்கள். 'இது என்ன செய்யும்?' என்பது முதற் கேள்வியாகட்டும். முதற் கேள்விக்கு வரும் விடையைப் பொறுமையோடு கேட்ட பெற்றோருக்கு, இரண்டாவது கேள்விக்கும் உண்மையான விடை கிடைக்கும் என்பது நம் நம்பிக்கை.