நிச்சயதார்த்த மோதிரம்: யார் யாருக்குப் போடுவது?



ஷவ்வால் பிறை தெரிந்துவிட்டால் நம் ஊர்களில் நிச்சயதார்த்தங்கள் தொடங்கிவிடும். ஓதவரும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், பாடம் முடிந்தபின் மதரஸா வாசலில் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பதுண்டு: “ஹஜ்ரத், நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம்? மார்க்கத்தில் இதற்கு அளவு ஏதும் உண்டா?” அரைப் பவுன் போதும், ஒரு பவுன் அதிகம் என்பதுபோல் ஒரு விடையை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். நாமோ திருப்பி ஒன்று கேட்கிறோம்: மோதிரம் யார் வீட்டுப் பணத்தில் வாங்கப்படுகிறது? யார் விரலுக்குப் போகிறது? இதற்கு விடை தெரியாமல் எடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சென்ற ஆண்டு நாம் கண்ட ஒரு நிச்சயதார்த்தத்தைச் சொல்கிறோம். பெண்ணின் தந்தை சிறிய தையற்கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளை வளைகுடாவில் நல்ல வேலையில் இருப்பவர். மாப்பிள்ளைக்கு ஒரு பவுனில் மோதிரம். கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. ஒரு பவுன் என்றால் எட்டு கிராம். செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தபோது எவ்வளவு வந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும். (மதரஸா உஸ்தாதின் சம்பளத்தில் அது எத்தனை மாதம் என்று நாம் கணக்கிட்டுப் பார்த்தோம், வெளியில் சொல்வதற்கில்லை.) அந்தத் தந்தை தம் மனைவியின் வளையல்களை நிதி நிறுவனம் ஒன்றில் அடகு வைத்து அந்தப் பணத்தைப் புரட்டினார். “அவங்க ஒண்ணும் கேட்கல ஹஜ்ரத். ‘உங்க பிள்ளைக்கு நீங்க செய்யறத செய்யுங்க’ன்னுதான் சொன்னாங்க” என்றார். நம் சமுதாயத்தில் கைக்கூலி இப்போது இந்தச் சொல்லில்தான் கேட்கப்படுகிறது.

வட்டிக்கு வாங்கிய பணத்தில், ஆணுக்கு ஹராமான தங்கத்தை வாங்கி, அதை ஒரு தட்டில் வைத்து, அதற்குமுன் துஆ ஓத நம்மை அழைத்திருந்தார்கள். நாமும் ஓதினோம். விருந்தையும் உண்டு வந்தோம். இக்கட்டுரையில் பிறரைக் கண்டிக்குமுன் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வது நமக்குக் கடமை.

ஆண்கள் தங்கம் அணிவது தடுக்கப்பட்டது என்பது நம் பிள்ளைகள் கீழ்வகுப்பிலேயே ஓதும் பாடம். ஒரு மனிதரின் விரலில் தங்க மோதிரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதைக் கழற்றி எறிந்த நிகழ்ச்சியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பின்னர் அங்கிருந்தோர், அதை எடுத்து வேறுவகையில் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று அவரிடம் சொன்னபோது, அல்லாஹ்வின் தூதர் எறிந்ததைத் தாம் ஒருபோதும் எடுக்கப்போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். விற்றுப் பணமாக்கிக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது. ஆயினும் அவர் எடுக்கவில்லை. அந்த உள்ளத்தை, “ஒரு நாள்தானே ஹஜ்ரத், போட்டோவுக்குப் போட்டுவிட்டுக் கழற்றிவிடுவார்” என்னும் நம் சமாதானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தத் தடையை அறிந்த சில வீட்டார் பிளாட்டினத்துக்கு மாறிவிட்டனர். பிளாட்டினம் தங்கமன்று, அந்தத் தடை அதைச் சாராது என்றே ஆலிம்கள் பலர் கூறுகின்றனர். வெள்ளைத் தங்கம் என்று விற்கப்படுவதோ வேறு உலோகம் கலந்த தங்கமேயாகும். பெயரிலும் நிறத்திலும் ஏமாறலாகாது. ஆனால் உலோகத்தை மாற்றியதால் பெண்ணின் தந்தையுடைய சுமை இறங்கிவிட்டதா? நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்தார்கள். முத்திரையில்லாத கடிதங்களை அரசர்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, தங்கள் பெயர் பொறித்துச் செய்வித்துக்கொண்ட மோதிரம் அது. அபூபக்ர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோர் அடுத்தடுத்து அணிந்திருந்து, இறுதியில் அரீஸ் கிணற்றில் விழுந்து, மூன்று நாள் தேடியும் கிடைக்காமல் போயிற்று. மாப்பிள்ளைக்கு மோதிரம் வேண்டுமென்றால் அதுபோல் ஒரு வெள்ளி மோதிரத்தைத் தம் சம்பாத்தியத்தில் அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

இனிக் கேள்வியின் மையத்துக்கு வருவோம். திருமணத்தில் மோதிரம் என்ற பேச்சு எழுந்தாலே நம் மேடைகளில் இரும்பு மோதிர ஹதீஸ் சொல்லப்படும். திருமணம் செய்துகொள்ள விரும்பிய ஓர் ஏழை மனிதரிடம், பெண்ணுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்குமாறும், இரும்பு மோதிரம் ஒன்றாவது கிடைக்கிறதா என்று பார்க்குமாறும் அனுப்பினார்கள். அதுவும் இல்லை. உடுத்தியிருந்த வேட்டி ஒன்றே இருந்தது. கடைசியில் அவருக்கு மனப்பாடமாக இருந்த குர்ஆன் அத்தியாயங்களைக் கொண்டு மணமுடித்து வைத்தார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சியை எதற்குப் பயன்படுத்துகிறோம்? மஹரைக் குறைத்து எழுதுவதற்கு! மாப்பிள்ளை வீட்டார் இதைச் சொல்லியே இரண்டாயிரம் ரூபாய் மஹரோடு எழுந்துவிடுகிறார்கள்.

அந்த ஹதீஸில் மோதிரம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தேடச் சொல்லப்பட்டவர் ஆண். பெறவேண்டியவள் பெண். அந்த இரும்பு மோதிரம் மஹர். மஹருக்கு மேல் ஒரு சடங்குப் பொருளன்று. பெண்ணின் தந்தையிடம் எதையும் தேடிவருமாறு யாரும் சொல்லவில்லை. நாமோ இரும்பு மோதிரத்தைப் பெண்ணின் மஹராக எழுதிவிட்டு, தங்க மோதிரத்தை அவளுடைய தந்தையிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம்! நாம் மேற்சொன்ன திருமணத்தில் மஹர் இரண்டு கிராம். மாப்பிள்ளையின் மோதிரம் எட்டு கிராம்.

அளவு கேட்போருக்கும் ஹதீஸ்களில் விடை உண்டு. அது நாம் நினைப்பதுபோல் ஒரே எண்ணாக இல்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவிக்கிறார்கள். இன்றைய எடையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வெள்ளி. அது அற்பத்தொகையன்று. இன்னொரு புறம், அன்ஸாரிப் பெண்ணொருத்தியை மணமுடித்து உதவி கேட்டு வந்த ஒருவர், தம் மஹர் நான்கு ஊக்கியா என்றபோது, மலைச்சாரலிலிருந்து வெள்ளியை வெட்டியெடுக்கிறீர்களா என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் வியந்து கண்டித்தார்கள். நான்கு ஊக்கியா 160 திர்ஹம். தங்கள் மனைவியருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவருக்கு அது அதிகமாயிற்று. ஏனெனில் அவரிடம் அது இல்லை. அலீ (ரலி) அவர்கள் தம்மிடம் இருந்த கவசத்தை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஹனஃபி மத்ஹபில் மஹரின் குறைந்த அளவு 10 திர்ஹம். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த எல்லையும் இல்லை. மேல் எல்லையோ எவரிடமும் இல்லை: ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் திரும்ப எடுக்கலாகாது என்றுதான் நிஸா அத்தியாயத்தின் 20-ஆம் வசனம் கணவனுக்குச் சொல்கிறது. ஆகவே நாம் தங்கத்துக்கு எதிரிகளல்லர். கொடுப்பவன் தன் சொந்தப் பணத்தில், கடனின்றி, மணப்பெண்ணுக்கு உரிமையாக்கிக் கொடுப்பானாயின் ஐந்து பவுன் மோதிரமானாலும் நமக்கு ஆட்சேபமில்லை. ஐந்து பவுனை ஒரு விரல் தாங்குமா என்பது வேறு கேள்வி.

“பெண் வீட்டார் விரும்பித் தருவது ஹதியாதானே” என்பார் உண்டு. ஹதியா கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதுவே அதன் அடையாளம். மோதிரம் இல்லாமல் நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாமனாரை அந்தச் சபை எப்படிப் பார்க்கும் என்பதை மனச்சாட்சியோடு எண்ணிப் பாருங்கள். நாட்டின் சட்டமும் இதைப் பிரித்தே பார்க்கிறது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், வரதட்சணை என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது, முஸ்லிம் தனியார் சட்டத்துக்கு உட்பட்டோரின் மஹரை அதிலிருந்து வெளிப்படையாக விலக்கிவிட்டது. மஹர் பெண்ணுக்குப் போவது. வரதட்சணை பெண் வீட்டிலிருந்து பறிக்கப்படுவது. கேட்காமல் தரும் அன்பளிப்பைக்கூடப் பட்டியலிட வேண்டும், அது வழக்கமானதாகவும் தருபவரின் பொருள்நிலைக்கு மிகாததாகவும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அடகு வைத்துத் தந்தது எந்தப் பொருள்நிலைக்கு உட்பட்டது?

வைர மோதிரத்தைப் பற்றியும் ஒரு சொல். அண்மைக்காலமாகப் படித்த பிள்ளைகள் கல் வைத்த மோதிரமே வேண்டும் என்கின்றனர். இரண்டு மாதச் சம்பளம் என்று ஓர் அளவையும் எங்கோ படித்துவிட்டு வருகின்றனர். அது மார்க்கத்தில் வந்ததன்று. நம் முன்னோர் வழக்கமுமன்று. டி பியர்ஸ் என்னும் வைர நிறுவனத்தின் விளம்பரங்கள் மேற்கு நாடுகளில் பரப்பிய கணக்கு அது. வைரம் நிலையானது என்னும் அதன் புகழ்பெற்ற விளம்பர வாசகமும் 1947-இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுதப்பட்டதே. நிலையானது என்று வாங்கிய கல்லை ஒரு நெருக்கடியில் விற்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். தங்கத்துக்காவது எடைக்கு விலை கிடைக்கும். கல்லின் எடையைக் கழித்துவிட்டே தராசில் வைப்பார்கள்.

பெண்ணுக்கு மாமியார் போடும் மோதிரத்திலும் தெளிவில்லை. நிச்சயம் முறிந்துபோனால் அது யாருக்கு? நிச்சயதார்த்தம் ஒரு வாக்குறுதி மட்டுமே, நிக்காஹ் அன்று. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதுபற்றி ஹனஃபி, ஷாஃபிஈ சட்டநூல்கள் விவரங்களில் வேறுபடுகின்றன. ஜமாஅத் பஞ்சாயத்தில் இரு வீட்டாரும் ஒரு மோதிரத்துக்காக ஒருவரையொருவர் ஏசிக்கொண்டதை நாம் அருகிலிருந்து கேட்டிருக்கிறோம். திருமணம் நடந்த பின்னும், “நாங்கள் போட்டது” என்று மாமியார் அதைக் கழற்றி வாங்கிவைத்த வீடுகள் உண்டு. மஹரில் எழுதப்படாத நகைக்கு எழுத்துச் சான்று எங்கே இருக்கிறது?

எனவே நாம் சொல்வது: மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்துக்கென ஒதுக்கிய பணம் எவ்வளவோ, அதை நிக்காஹ் தப்தரில் மஹரின் வரிசையில் எழுதுங்கள். எத்தனை கிராம், எத்தனை காரட் என்பதையும் சேர்த்தெழுதி, நிக்காஹ் சபையிலேயே அவளிடம் ஒப்படையுங்கள். நிச்சயத்தன்று சர்க்கரையும் பேரீச்சம்பழமும் போதும். பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு மோதிரம் வேண்டாம், வெள்ளியிலும் வேண்டாம். தட்டில் அது வைக்கப்பட்டிருந்தால் துஆ ஓத ஆலிம்கள் எழுந்து நிற்க வேண்டாம். இதை முதலில் நமக்கே சொல்லிக்கொள்கிறோம்.

வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நம்மை அழைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தந்தை நம்மோடு ஓதியவர், நெடுநாள் நண்பர். மேற்சொன்ன எல்லாவற்றையும் அவரிடம் தொலைபேசியில் சொல்லி, மோதிரம் இருந்தால் நாம் ஓதுவதற்கில்லை என்றோம். “வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் ஹஜ்ரத்” என்றார். இதை எழுதி முடிக்கும்வரை அவரிடமிருந்து பதில் வரவில்லை.